எப்போதும் காலையாக இருக்கும் தெரு

அன்னக்காமு அத்தையின் வீட்டை யாரும் பார்ப்பதில்லை என்பதை ஒரு கணினி கண்டுபிடித்தது. எங்கள் செக்கடித் தெருவுக்கு அது முன்பே தெரியும். அது ஒரு தகவல் என்பதுதான் தெரியாது.

நாகலூத்து ஒரு நகராட்சி. அதாவது, ஊராட்சியாக இருந்தபோது வராத தண்ணீர் இப்போது நகராட்சி அந்தஸ்தோடு வராமல் இருக்கிறது. இதைப் புதுப்பிக்க ‘நம்மூர் நாளை’ என்று ஒரு திட்டம் வந்தது. அதிகாரிகள் வரைபடம் போட்டு, இடித்து முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கும் பழைய முறை இனிமேல் கிடையாதாம். மக்களே ஊரை வடிவமைப்பார்களாம். சமுதாயக் கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தெரியும் தங்கள் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

நிறுவனம் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தெரு அதற்கு மூஞ்சிப்பெட்டி என்று பெயர் வைத்தது.

‘தொழில்நுட்பம் அறிந்த உள்ளூர் இளைஞர் தேவை’ என்று நகராட்சி வாசலில் ஒட்டியிருந்தார்கள். நான் கணினிப் பயன்பாட்டியல் மூன்றாம் ஆண்டு, சில பல அரியர்களுடன். எனக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்று கல்லூரியே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுவனம் ஒப்புக்கொண்டது. கிளிப்பச்சையில் ஒரு சட்டை கொடுத்தார்கள். முதுகில் ‘பங்கேற்புத் தோழன்’ என்று எழுதியிருந்தது. வருகிறவர்களுக்குப் பெட்டியை மாட்டுவது, காதுமடலில் நாடி பார்க்கும் கிளிப்பைச் செருகுவது, கழற்றியதும் துடைப்பது, நடுவில் யாராவது விழுந்தால் பிடிப்பது என் வேலை. தேங்காயெண்ணெய்த் தலைகளில் பெட்டி வழுக்கியது. பூ வைத்த தலைகளில் பட்டை சரியாக உட்காரவில்லை. “பூவ எடுத்துட்டு மாட்டலாமாக்கா” என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கேட்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஹரிப்ரியா மேடம்தான் திட்டத்துக்குப் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாளே எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார்.

“கேள்வித்தாள் குடுத்தா ஜனங்க நாம என்ன எதிர்பார்க்கிறோமோ அதை எழுதுவாங்க, முகில். இதுல அவங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம். எதைப் பார்க்கிறாங்க, எவ்வளவு நேரம் பார்க்கிறாங்க, அப்போ நாடி எப்படித் துடிக்குது, அவ்வளவுதான். அமைதியா நின்னு பார்த்தா அது அவங்களுக்கு வேணும்னு அர்த்தம். அந்த இடம் பச்சை. பார்க்கவே இல்லைன்னா தேவையில்லை. சாம்பல்.”

“நடுவுல இருந்தா?”

“மஞ்சள். மஞ்சளைப் பத்திக் கமிட்டி முடிவு பண்ணும்.”

“கமிட்டின்னா யாரு மேடம்?”

“அதான் பிரச்சினை. அதனால மக்கள் பச்சையாக்கிட்டா நல்லது.”

சாம்பலானால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. செக்கடித் தெருவுக்குப் பின்னால்தான் பேருந்து நிலையம். அதற்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேடம் பேசும்போது அவர் பார்வை வரைபடத்தில் எங்கள் தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே இருந்தது. அவருடைய நாடியை யாரும் அளக்கவில்லை.

பெட்டிக்குள் தெரு நன்றாகவே இருந்தது. இப்போது இருக்கும் அதே தெரு, யாரோ பொங்கலுக்கு வெள்ளையடித்ததுபோல. சாக்கடை மூடியிருந்தது. நாய்கள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. தெருவாசிகளும் இருந்தார்கள். அடையாள அட்டைப் படங்களிலிருந்து முகங்களை எடுத்து, மென்பொருள் அவர்களைச் சிரிக்க வைத்திருந்தது. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்வார்கள். அப்பா சிரித்து நான் பார்த்தது அதில்தான். இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

ஒவ்வொருவருடைய நடையும் அவரவர் வீட்டு வாசற்படியில் தொடங்கும். இளவெயில். குருவிச் சத்தம். பெட்டிக்குள் எப்போதும் காலை.

மக்கள் என்ன செய்தார்கள் என்றால், தங்கள் வீட்டைத் திரும்பி ஒருமுறை பார்த்தார்கள். எதிர்வீட்டின் புது மாடியைப் பார்த்தார்கள். அப்போது நாடி கொஞ்சம் எகிறியது. பிறகு தெருமுனைக்கு விறுவிறுவென்று நடந்துபோய் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். “அதுல பஸ் வராதுண்ணே” என்று நான் காதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் சுற்றின் முடிவில் நாகலூத்திலேயே மிக ஆழமான மக்கள் பற்றைப் பெற்ற இடம் எங்கள் பஸ் ஸ்டாப். மிச்சத் தெரு மொத்தமும் மஞ்சள். நடுவில் ஒரே ஒரு சாம்பல் கட்டம்.

மேடம் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். “இந்த வீட்டை ஒருத்தர்கூடப் பார்க்கலை. ஒரு விநாடிகூட. எவ்வளவு பிடிக்காத இடமா இருந்தாலும் கண்ணு தற்செயலா ஒருமுறை படும். இதுல எல்லாரும் கரெக்டா அந்த இடத்துல முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்காங்க. சாஃப்ட்வேர்ல தப்புன்னு நினைச்சு மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன். அங்க என்ன இருக்கு?”

“அன்னக்காமு அத்தை இருக்காங்க மேடம்.”

அத்தைக்குக் கல்யாணமான மறுவருஷமே மாமா லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அவளுக்கு இருபத்திரண்டோ என்னவோ. இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீடு தெருவின் வளைவில், பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில். யார் எங்கே கிளம்பினாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதுபோலத் தெருப்பிள்ளைகள் கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொள்வார்கள்.

இதில் அத்தையைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. அவளும் ஒத்துழைத்தாள். எனக்குத் தேர்வு என்றால் அம்மா முதலில் வாசலுக்கு வந்து, “முகிலு, ஹால் டிக்கெட்ட எடுத்துக்கிட்டியா” என்று தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்பாள். வளைவில் கதவு சாத்தப்பட்டு, தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் படியிறங்குவேன். பத்தாம் வகுப்புக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்கு, கல்லூரிக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அரியர் வைத்த தேர்வுகளுக்கும் தாழ்ப்பாள் விழுந்துதான் இருந்தது. அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சாயங்காலம் கதை வேறு. அத்தை இட்லி மாவு ஆட்டி விற்றாள். விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவே தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்கும். “அன்னம், நேத்து மாவு கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருந்துச்சுடி” என்று அம்மா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிப்பாள். ஒரே முகம், இரண்டு ஷிப்ட்.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். அவர் சாம்பல் கட்டத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஆனா இது நிஜம் இல்லையே முகில். கூடத்துல நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. எங்கயும் கிளம்பலையே.”

“வாசப்படியில நிக்க வச்சு, காலை வெயில் அடிச்சு, குருவி கத்துனா கிளம்புறதுதான மேடம்.”

“சரி, இது சமூகப் பிரச்சினை. சாஃப்ட்வேர் பிரச்சினை இல்லை.” அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“உள்ள சாயங்காலமா மாத்திட்டா போதும் மேடம். எல்லாரும் அவங்க வீட்டத்தான் பாப்பாங்க. தூக்குவாளியோட.”

“சாயங்காலத்துக்கு நிழல் எல்லாத்தையும் திரும்பப் போடணும். பட்ஜெட்ல காலை மட்டும்தான் இருக்கு.”

ஒரு வீடு நிழலுக்கு நிதி இல்லாததால் போகப்போகிறது என்பதை நான் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கவுன்சிலர் காசிமாயன் சொல்லிவிட்டார். அவர் எப்போதும் கெட்ட செய்தியை ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லக்கூடியவர்.

அன்று மாவு வாங்கும் கூட்டத்தில் பேச்சு அதுதான். அத்தை உள்ளே கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாருமே பாக்கலயாம்ல” என்றார் எதிர்வீட்டு வேலுத்தாய் அக்கா. “நான் பாத்த மாதிரிதான் இருக்கு.”

“நீ எங்க பாத்த. நீ என் பால்கனியத்தான் பாத்திருப்ப” என்றார் மாடி கட்டிய தங்கமாயன்.

“பாக்குற மாதிரி கட்டுனா பாக்கத்தான் செய்வாக.”

“அது கெடக்கட்டும். இவ போயிட்டா மாவுக்கு எங்க போறது? கடப் பாக்கெட்டு மாவு பச்சத்தண்ணி” என்றாள் அம்மா.

அத்தை ஈரக்கையோடு வெளியே வந்தாள். “மாவுக்காகவாச்சும் கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்கடி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். சிரித்து முடித்ததும் வாளிகளை நீட்டினார்கள். வாளிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

ஆட்சேபம் வந்தால் இரண்டாம் சுற்று நடத்தலாம் என்று விதி இருந்தது. மேடம் அனுமதி வாங்கினார். கூடத்தில் தெருவைக் கூட்டி நானே பேசினேன். வளைவில் நில்லுங்கள், அந்த வீட்டை மூன்று விநாடி பாருங்கள், அது போதும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கமாயன் அண்ணன், “மூணு என்னடா, முப்பது விநாடி பாக்குறேன்” என்றார்.

வந்தார்கள். மாட்டிக்கொண்டார்கள். வெளியில் இருக்கும் திரையில் அவர்கள் பார்ப்பது எனக்கும் தெரியும். அம்மா வாசற்படியில் இறங்கினாள். அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அதற்கே அவள் நாடி கொஞ்சம் தடுமாறியது. வளைவு வந்ததும் நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிஜ அம்மாவின் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. பிறகு பலவந்தமாக வலப்பக்கம் வந்தது. அத்தையின் வாசல் திரையில் விழுந்தது. அங்கே மென்பொருள் செய்த அத்தை நின்று, சிரித்து, வணக்கம் சொன்னாள். அம்மாவின் கை மடியிலிருந்த சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டியைக் கழற்றியதும் அம்மா தண்ணீர் கேட்டாள்.

“பாத்துட்டேன்ல?”

“பாத்துட்டம்மா.”

“ஒண்ணும் ஆயிராதுல்ல?”

தங்கமாயன் அண்ணன் முப்பது விநாடி என்றவர், நாலில் கழற்றிவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். ஆனாலும் யாரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். சாம்பல் கட்டம் போயிருந்தது. அந்த இடத்தில் சிவப்பு.

“எல்லாரும் பார்த்திருக்காங்க. ஆனா அத்தனை பேருக்கும் பார்க்கும்போது நாடி ஏறியிருக்கு. இதை அது ‘அச்சம் தரும் இடம்’னு எடுத்துக்கிட்டது.”

“அச்சம்னா?”

“இருட்டுச் சந்து, சாராயக் கடை, அந்த மாதிரி. பரிந்துரையும் வந்தாச்சு. கட்டடத்தை எடுத்துட்டு, கண்ணாடித் தடுப்பு வெச்ச பெஞ்ச், ஒரு கேமரா, ரெண்டு விளக்கு.” கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. சிவப்பு பக்கத்து வீடுகளையும் கீழ இழுக்கும். தெரு மஞ்சள்லேர்ந்து சாம்பலுக்குப் போய்க்கிட்டு இருக்கு.”

செய்தி தெருவுக்குப் போனது. இந்த முறை மாவு வாங்கும் இடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் தங்கமாயன் வீட்டில் பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார்கள். வேலுத்தாய் அக்கா சப்பாத்திக்கு மாறினார். காசிமாயன் சாயங்காலம் என்னைத் தனியாகப் பிடித்தார்.

“தம்பி, அந்த ஒரு வீட்ட மட்டும் கணக்குலருந்து எடுத்துட்டா தெரு தப்பிச்சிரும்ல?”

“அவங்க வீடுண்ணே அது.”

“நான் என்ன வேணாம்னா சொல்றேன். எடுத்துட்டான்னு கேட்டேன்.”

கடைசியாக ஒரு வழி இருந்தது. சொந்தக்காரர் தாமே வந்து நடக்கலாம். தன் வீட்டைத் தானே அமைதியாக நின்று பார்த்தால் அந்தப் பார்வைக்குப் பல மடங்கு மதிப்பு. சிவப்பை அது ஒன்றே அழித்துவிடும். அத்தை இரண்டு சுற்றுக்கும் வரவில்லை. முதல் சுற்று தொடங்கியபோது கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அதனால் வரவில்லை. இரண்டாவது சுற்றுக்கு, அவள் வந்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

நான் போய்க் கேட்டேன். நிறைய மாவு விற்காமல் மிஞ்சியிருந்தது. ஒரு கரண்டி எடுத்து எனக்குத் தோசை ஊற்றினாள்.

“நான் வந்து என்ன செய்யணும் மருமகனே?”

“ஒண்ணும் செய்ய வேணாம் அத்த. தலையில மாட்டிருவேன். உங்க வாசல்ல நிப்பீங்க. திரும்பி உங்க வீட்டப் பாத்துக்கிட்டே நில்லுங்க. அவ்வளவுதான். வீடு உங்களுக்கு.”

“என் வீட்ட நான் பாத்தா எனக்கா?”

“ஆமா.”

“இத்தன நாளு அது தெரியாம இருந்திருக்கேன் பாரு” என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். “வீடு போனா எங்க போடுவாகளாம்?”

“பைபாஸ் தாண்டி, குடியிருப்பு வாரியத்துல. நாலாவது மாடி.”

“கிரைண்டர எப்படி ஏத்துறது” என்றாள்.

கடைசி நாளில் வந்தாள். கூடத்தில் நானும் மேடமும் மட்டும்தான். நல்ல சேலை கட்டியிருந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கி நின்று, “நல்ல நேரம் ஏதும் பாக்க வேணாம்ல? நானே வந்துட்டேன்” என்றாள். மேடத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பெட்டியை மாட்டினேன். பட்டை சரியாக உட்கார்ந்தது. அவள் தலையில் இடைஞ்சல் எதுவும் இல்லை.

திரையில் அவள் வாசல் வந்தது. இளவெயில். குருவி.

“இது காலையாடா?”

“ஆமா அத்த. இதுக்குள்ள எப்பவுமே காலைதான்.”

“அப்ப நான் கதவச் சாத்தணும்ல.” கை காற்றில் எதையோ தேடியது.

“வேணாம் அத்த. உள்ள இருக்குறது நெஜ ஆளுக இல்ல. நீங்க அப்படியே பின்னாடி திரும்புங்க.”

அவள் திரும்பவில்லை. தெருவில் வேலுத்தாய் அக்கா வந்துகொண்டிருந்தார், கையில் பையோடு, எங்கோ கிளம்பிய தோரணையில். வளைவில் வந்ததும் நிமிர்ந்து அத்தையின் முகத்தை நேராகப் பார்த்தார். சிரித்தார். வணக்கம் சொன்னார்.

அத்தையின் கை அப்படியே நின்றது.

“முகிலு.”

“அது மெஷின் அத்த.”

“தெரியுதுடா. சிரிக்கிறா.”

அவள் படியிறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கையிலிருந்த பொத்தானால்தான் நடக்க வேண்டும். ஒருமுறை சொல்லிக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். மெதுவாக நடந்தாள். தங்கமாயன் பால்கனியிலிருந்து கையசைத்தார். அவள் அண்ணாந்து அந்த வீட்டை முழுசாகப் பார்த்தாள், கீழிருந்து மேல்வரை. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். கோலங்களைப் பார்த்தாள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. சகுனம் என்று ஒன்று உண்டு என்பதை மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பட்ஜெட்டில் இல்லை.

எங்கள் வீடு வந்தது. அம்மா வாசலில் இருந்தாள். தலை நிறையப் பூ, வாய் நிறையச் சிரிப்பு. அத்தை அங்கே அதிக நேரம் நின்றாள். அம்மா வணக்கம் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்து மறுபடியும் வணக்கம் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேடம் என் தோளைத் தொட்டார். “டைம் ஓடுது முகில். வீட்டைப் பார்க்கச் சொல்லு.”

நான் குனிந்து சொன்னேன். “அத்த, திரும்பிப் போயி உங்க வீட்டப் பாருங்க. கொஞ்ச நேரம் போதும்.”

“அத நான் தெனமும் பாத்துக்கிட்டுதானடா இருக்கேன்” என்றாள். “உள்ள ஒக்காந்து, கதவச் சாத்திக்கிட்டு, அதத்தான பாக்குறேன். தெருவத்தான் காலையில பாத்ததில்ல.”

“வீடு போயிரும் அத்த.”

“சும்மா இரு. மறைக்காத.”

நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. பெட்டிக்குள் நான் இல்லை. இருந்தாலும் ஓர் அடி தள்ளி நின்றேன்.

தெருக்கோடிவரை போனாள். மறுபக்கமாகத் திரும்பி வந்தாள். எல்லோரும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிய தெருவில் அவள் ஒருத்திதான் நிதானமாக நடந்தாள். நாடி ஒரே சீராக ஓடியது. தூங்குகிற குழந்தைக்குத்தான் இப்படி இருக்கும் என்றார் மேடம். வளைவுக்கு வந்து, தன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. தெருவில் எல்லோரும் திருப்பும் அதே அளவு. அவளும் அந்தத் தெருவில் கிளம்பியவள்தானே.

பெட்டியின் மின்கலம் தீர்ந்து திரை அணைந்தது. கழற்றினேன். கண்ணைச் சுற்றிப் பட்டையின் தடம் பதிந்திருந்தது. கிளிப்பைக் காதிலிருந்து தானே கழற்றி என் கையில் கொடுத்தாள். “மாவு கெடக்கு, ராத்திரிக்கு வந்து எடுத்துக்க. உங்கம்மாட்ட சொல்லாத, சும்மா குடுத்தேன்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவு வந்தது. செக்கடித் தெரு பச்சை. முழுப் பச்சை. நாகலூத்தில் வேறு எந்தத் தெருவுக்கும் அந்த நிறம் வரவில்லை. எல்லோர் பார்வையையும் கூட்டினால் வருவதைவிட அந்த ஒரு நடையில் அதிகம் சேர்ந்திருந்தது என்றார் மேடம். வளைவில் மட்டும் ஒரு சாம்பல் கட்டம். பக்கத்தில் குறிப்பு: உரிமையாளருக்கே பற்று இல்லை.

“ஓனரே பார்க்கலை முகில்” என்றார் மேடம். கணினியை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். “நாம என்ன பண்ண முடியும்.”

அது கேள்வி இல்லை.

யாருடைய நடை என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அறிக்கையில் ‘ஆழ்ந்த பற்றுள்ள ஒரு குடியிருப்பாளர்’ என்று மட்டும் இருந்தது. தெரு முதலில் தங்கமாயனைச் சந்தேகித்தது. பிறகு காசிமாயன் தன்னடக்கத்தோடு மறுக்க ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே மறுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு மாலை போட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலையிலேயே அம்மா வாசல் தெளித்துக்கொண்டே சொன்னாள். “எந்த மகராசி கண்ணு பட்டுச்சோ, தெருவே தப்பிச்சிருச்சு.”

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, “அன்னக்காமு அத்ததாம்மா” என்றேன். கையெழுத்தை மீறிய ஒரே இடம் அது.

அம்மாவின் கை வாளிக்குள் நின்றது. பிறகு தண்ணீரை அள்ளி மிச்ச வாசலையும் தெளித்தாள்.

“காலங்காத்தால பேர எடுக்காத” என்றாள். ஃபேனை அணை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதில் கோபம் எதுவும் இல்லை.

அத்தை ஒரு சாயங்காலம் போனாள். காலையில் கிளம்பினால் யாருக்காவது இடைஞ்சலாக இருக்கும் என்று அந்த நேரத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். கிரைண்டர் நாலாவது மாடிக்கு ஏறவில்லை, கீழேயே யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பொய்யழுகை இல்லை. சாயங்காலங்களில் அம்மா அப்படித்தான்.

வீட்டை ஒரே நாளில் எடுத்தார்கள். முன்பே பரிந்துரைத்திருந்த கண்ணாடித் தடுப்பும் பெஞ்சும் கேமராவும் வந்தன. யாரும் அதில் உட்காருவதில்லை. தெருவாசிகள் வளைவைக் கடக்கும்போது இப்போதும் கழுத்தைத் திருப்புகிறார்கள். கேமரா அதைப் பதிவு செய்கிறது.

திட்டம் முடிந்து, ஹரிப்ரியா மேடம் அடுத்த ஊருக்குப் போனார். எனக்கு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்து மதுரையில் ஒரு நேர்முகத் தேர்வு கிடைத்தது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். அம்மா திருநீறு பூசிவிட்டாள். வாசலுக்கு வந்து, “முகிலு, சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டியா” என்று சத்தமாகக் கேட்டாள்.

“எடுத்துக்கிட்டேன்.”

படியில் நின்றேன். நல்ல இளவெயில். எங்கோ குருவி கத்தியது. அம்மாவும் பக்கத்தில் நின்றாள். முனையில் பஸ் வந்து நின்றது தெரிந்தது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

“இன்னும் என்னடா நிக்கிற?” என்றாள் அம்மா. அவளும் வளைவுப் பக்கம்தான் காதை வைத்திருந்தாள்.

“போறேம்மா” என்றேன்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. நான் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.